ஏழுமலையைச் சாகடிக்க முடியவில்லை

உள்ளத்தில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, நல்ல கேமரா வாங்கியதும் எடுப்பேன் என்று எத்தனை ஆண்டுகளாக உங்களையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்? விடுமுறை நாளில் மட்டும் இயக்குநராக இருப்பதைப் போல மனிதனின் அகந்தையைத் தணிக்கும் தொழில் வேறில்லை. திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், ஞாயிறுதோறும் கைப்பேசியை ஸ்டாண்டில் நிறுத்திக் குறும்படம் எடுக்கிறேன். என்னைப் போல் அவதிப்படும் அன்பர்களே, கேளுங்கள்.

பாதிச் சண்டை

தந்தையிடம் கோபித்துக்கொண்டு போன மகன், அவர் இறந்த பிறகு திருந்துகிறான். இதுவே என் முதல் கதை. மகன் நான். தந்தை, என் கடைக்கு வரும் ஓமந்தூர் விவசாயி ஏழுமலை. அவருடைய மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லையில், பச்சைச் செடிகளின் நடுவே எங்கள் சண்டையைப் பாதிவரை எடுத்தோம், வெளிச்சம் போய்விட்டது. மீதியை எடுக்க அடுத்த ஞாயிறு சென்றால், கொல்லையில் ஒரு செடிகூட இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கிக் களத்தில் குவித்திருந்தார். சற்றுப் பொறுத்திருக்கக் கூடாதா என்று வருந்தினேன்.

"மழ வர்ற மாரி இருந்துச்சி தம்பி. நீ வந்து சண்ட போடுறதுக்கோசரம் கொட்டய மண்ணுலயே மொளைக்க உட முடியுமா?"

நெற்றிக் காசு

பயிரிடம் தோற்பதில் இழிவில்லை. தோற்ற பிறகும் ஸ்டாண்டை விரிப்பவனே கலைஞன். சண்டையின் மீதியை வெறும் மண்ணில் எடுத்தோம். இனி எல்லாம் மரணக் காட்சியின் கையில். ஏழுமலையை அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தி, நெற்றியில் காசு ஒட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, மாலை சாத்தினேன்.

டீ கொண்டுவந்த அவர் மனைவி அஞ்சலை, டம்ளர்களைக் கீழே வைத்தார். முதலில் மாலையைக் கழற்றினார். பிறகு காசை எடுத்தார். தாலி கட்டியவரைத் தன் கண்ணெதிரே பிணமாக்க எவனுக்கும் உரிமையில்லை என்று கூறிவிட்டார். தந்தை சாகாவிட்டால் மகன் திருந்த வழியில்லை, மகன் திருந்தாவிட்டால் படமே இல்லை என்று மன்றாடினேன். ஏழுமலையோ மூக்கில் பஞ்சுடனேயே டீயைக் குடிக்கத் தொடங்கினார். பெரிய படங்களிலும் பிணமாக நடித்தவரை உடனே எழுப்பி, சிரிக்கச் சொல்லி, அதையும் படம் பிடிப்பார்கள். அதோடு சாவு தோஷம் கழிந்துவிடும் என்று இறுதியாக எடுத்துரைத்தேன். அஞ்சலை சற்று யோசித்தார்.

"அப்ப அந்தச் சிரிப்ப மட்டும் எடுத்துக்கினு போ தம்பி."

டியூஷன் சென்டர் சுவர்

வேறு வழியின்றி அதைத்தான் எடுத்தேன். தந்தை இறந்தார் என்று யாரோ சொன்ன பொய்யை நம்பி மகன் அழுதுகொண்டு ஓடிவருகிறான், அவனைக் கண்டு தந்தை வாய்விட்டுச் சிரிக்கிறார், படம் முடிகிறது. விழுப்புரத்தில் நண்பரின் டியூஷன் சென்டர் சுவரில் திரையிட்டபோது அனைவரும் சிரித்தார்கள். அஞ்சலை மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதும் குறையா என்று அஞ்சியவாறே கேட்டேன்.

"கட்டிக்கினு வந்ததுலேர்ந்து இந்த மனுசன் இப்டி சிரிச்சி நான் பாத்ததில்ல. அத மட்டும் இன்னொரு தடவ போடு தம்பி."

அன்பர்களே, உங்கள் கதையை உங்களைச் சுற்றியுள்ளவர்கள் கெடுக்கத்தான் போகிறார்கள். அவர்கள் கெடுத்து நல்லதாக்குவதற்காவது, இன்றைக்கே, இந்தப் பக்கத்தை மூடியதும், ஒரு காட்சியை எடுத்துவிடுங்கள்.