ஆற்றில் கிடைத்த இரும்பும் சோழர் படையும்

கிள்ளான் ஆற்றில் சேறு வார வந்த இயந்திரம் துருப்பிடித்த இரும்பு ஒன்றைக் கரையில் கொட்டிவிட்டுப் போனது. மறுநாள் காலையில் அது எங்கள் ஆற்றோரக் கோயில் மண்டபத்தில், பட்டுத்துணி விரித்த மேசைமேல் இருந்தது. கூர்முனையில் எலுமிச்சம்பழம், உடம்பெல்லாம் சந்தனம். கோயில் வாட்சப் குழுவில் 'சோழர் படைக்கருவி' என்று படம் போட்டு, வெள்ளிக்கிழமை பாலாபிஷேகம் என்றும் அறிவித்துவிட்டார்கள். சோழன் கடாரம் வென்றான் என்று ஒரு வரி எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அந்தக் கடாரம் வடக்கே கெடா மாநிலத்தில் அல்லவா இருக்கிறது! படை வழி தவறிக் கிள்ளானுக்கு வந்ததா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நேரில் போய்ப் பார்த்தேன். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு முனை கூர், மறுமுனை சுத்தியல்போல் பட்டை, நடுவில் காம்பு நுழைய ஓட்டை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வாசலில் இதே மாதிரி ஒன்று என் பள்ளிக்காலம் முழுக்கச் சாய்ந்து நின்றது. தண்டவாளக் கட்டைக்கு அடியில் கருங்கல்லை இடித்து இறுக்குகிற கருவி. ஓய்வு பெறும்வரை அப்பா அதைத்தான் வெயிலில் ஓங்கி ஓங்கிப் போட்டார். கடைசிக் காலத்தில் வலது கையைத் தூக்க முடியாமல், அம்மாதான் அவருக்குச் சட்டை மாட்டிவிடுவார். அந்தத் தோள்பட்டையை எவனோ ஒரு ராஜாவின் பெயரில் எழுதுவதா? எனக்குப் பொறுக்கவில்லை.

கோயில் தலைவரிடம் சொன்னேன். "அண்ணே, இது சோழனும் இல்ல, சேரனும் இல்ல. ரயில்வே கேங் ஆளுங்க கல்லு இடிக்கிற சாமான். மேல ரயில் பாலம் இருக்கு பாருங்க, அங்கேர்ந்து விழுந்திருக்கும் லா."

"சும்மா இருங்க தங்கச்சி. வாட்சப்புல எல்லாருமே கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க."

யார் அந்த எல்லாரும்? கைக்குட்டையை எடுத்து, ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த சந்தனத்தை அழுத்தித் துடைத்தேன். இரும்பில் பதித்த ரயில்வே எழுத்துகள் ஆங்கிலத்தில் பளிச்சென்று தெரிந்தன. தலைவர் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"அப்ப பழைய இரும்புக் கடைக்குத்தான் போடணும்."

குளிக்காமல் தொடக்கூடாது என்று நேற்று குழுவில் எழுதியவர் இவர்தான். எனக்குக் கண்மண் தெரியாத கோபம்.

"சோழன் தூக்கினா பால் ஊத்துவீங்க. நம்ம அப்பாங்க தூக்கினா பழைய இரும்பா? உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே கேங்தானே அண்ணே!"

உண்மை அது. எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி வளர்ந்தவர் அவர். மண்டபத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் நெருங்கி, குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசுங்க தங்கச்சி. எங்கப்பா ஸ்டேஷன் மாஸ்டர்னுதான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."