நஃபீசா எடுத்துவிட்ட டிக்குகள்

இரும்புலியூர் நஃபீசாவுக்கும் அவசரத்துக்கும் ஏழாம் பொருத்தம். 2008-ல் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஏசுபாதம் நடத்திய பிரவுசிங் சென்டரில் அவளுக்கு வேலை. ஆறு கம்ப்யூட்டர்களும் அவள் பொறுப்பு. பத்தாவது வரை தமிழில் படித்தவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். இந்தச் சங்கதி முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும் என்ற பயத்தோடே ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டாள்.

புதிதாக ஒரு சாஃப்ட்வேர் போடும்போதுதான் அவளைப் பார்க்க வேண்டும். ஊரே 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டி நாலே நிமிடத்தில் கரையேறிவிடும். இவள் திரையில் விரலை வைத்து வரிவரியாக நகர்த்துவாள். உதடு அசையும். புரியாத வார்த்தையை நோட்டில் எழுதி, கைப்பையில் கிடக்கும் அகராதியில் தேடுவாள். 'இதையும் சேர்த்துப் போடு' என்று யாரும் கேட்காமலே டிக் போட்டு வைத்திருக்கும் கட்டங்கள் வந்தால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவாள். கேட்காத சாமானையும் பையில் திணித்துத் தலையில் கட்டும் ஆட்களைப் பல்லாவரம் சந்தையில் நிறையப் பார்த்தவள் அவள்.

ஏசுபாதம் இங்கிலீஷ் இலக்கியத்தில் பட்டம் வாங்கியவர். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தைய நாள், காத்திருப்பவர்கள் பாட்டுப் பார்க்கட்டுமே என்று ஓர் இலவச வீடியோ பிளேயரை எல்லாக் கம்ப்யூட்டரிலும் போடச் சொன்னார். இருபது நிமிடமாகியும் நஃபீசா முதலாவதிலேயே இருந்தாள். பொறுமை போய், மீதி ஐந்திலும் அவரே மளமளவென்று போட்டு முடித்தார்.

"இன்னாம்மா, கதை புக்கா படிக்கிற?" என்று வேறு கேட்டார். அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் கடைசி வரியைப் படிக்காமல் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் மாணவர் கூட்டம் வாசல் வரை நின்றது. ஏசுபாதம் போட்ட ஐந்திலும், பிளேயரோடு ஒட்டிக்கொண்டு வந்த டூல்பார் பட்டைகள் பாதித் திரையை அடைத்துக்கொண்டிருந்தன. ரிசல்ட் பக்கத்தைக் கேட்டால் ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நின்றது. மூட மூட விளம்பரம் முளைத்தது. நஃபீசாவின் கம்ப்யூட்டர் மட்டும் ஒழுங்காக ஓடியது. அத்தனை பேரும் அதன் பின்னால் வரிசை கட்டினார்கள். பத்து மணிக்கு முடிய வேண்டிய வேலை ஒரு மணி வரை இழுத்தது.

கூட்டம் கலைந்ததும் ஏசுபாதம் அவள் எதிரே வந்து நின்றார். இதில் மட்டும் ஏன் அந்தக் கண்றாவி ஏறவில்லை என்று கேட்டார். நேரம் நல்லா இருந்தது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அப்படிச் சொன்னால் நாளைக்கும் இதே கூத்துத்தான் என்று அவளுக்குத் தெரியும். நோட்டை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"சார், எனக்கு இங்கிலீஷ் சரியா வராது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனாலதான் ஒரு கட்டத்தையும் படிக்காம விடமாட்டேன், நாம கேக்காத டிக்க எல்லாம் எடுத்துடுவேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது சார்."

ஏசுபாதம் நோட்டைப் புரட்டினார். நாற்பது பக்கம். ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிரே பென்சிலில் தமிழ் அர்த்தம். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சரளமா வரும்மா," என்றார். "அதான் இத்தனை வருஷத்துல ஒரு தடவகூடப் படிச்சதில்ல. நீ படி, நான் கேக்குறேன்."