சீட்டில் விட்டுப்போன ‘சூடானி’

எகிப்தின் தந்தா நகரத்தில், நபிகள் பிறந்தநாளான மவ்லித் பண்டிகைக்கு இனிப்பு செய்யும் பட்டறையில் இருபத்தாறு வருஷம் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டியவள் இன்சாஃப். இப்போது எல்லாவற்றையும் இயந்திரம் ஒட்டிவிடுகிறது. ஒட்டட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் வறுத்த எள் வாசனைக்கு நடுவே எட்டுப் பெண்கள் வாய் ஓயாமல் ஊர்வம்பு பேசிக்கொண்டே ஒட்டிய அந்தக் காலம் போனது போனதுதான். நினைத்தால் அவளுக்கு இன்றும் மனசு கனத்துப்போகும்.

பெட்டி எதற்கு, சீட்டு எதற்கு என்று கேட்கிற பிள்ளைகளே, சொல்கிறேன். பெட்டி இல்லாவிட்டால் எறும்புக்கும் தூசிக்கும் கொண்டாட்டம். மூடிவிட்டாலோ உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் சீட்டு. இவ்வளவுதான் சங்கதி. இதில்தான் இன்சாஃப் ஒரு வருஷம் கோட்டை விட்டாள்.

அந்த வருஷம் புதிதாக ஓர் எள் வில்லை போட்டார்கள்; நடுவில் வேர்க்கடலைப் பொடி. வேர்க்கடலைக்கு அங்கே ‘ஃபூல் சூடானி’ என்று பெயர். வெறும் ‘ஃபூல்’ என்றால் தினமும் காலையில் ரொட்டியோடு தின்கிற அவித்த அவரைக்கொட்டை. சீட்டில் இடம் போதவில்லை.

“சூடானியை வெட்டிடும்மா, யாருக்குத் தெரியாது?” என்றார் முதலாளி ஷவ்கி.

“அதானே! மிட்டாய்ல அவரைக்கொட்டையையா போடுவாங்க?” என்று சிரித்தாள் இன்சாஃப்.

மேல்வீட்டு மயாருக்கு எட்டு வயது. வேர்க்கடலைத் துணுக்கு பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு முட்டும். அதற்கு முந்தின வருஷம் அவள் பிழைத்ததே பெரும்பாடு. பண்டிகைக்கு முதல் நாள் இன்சாஃப் வேலை முடிந்து மாடிப்படி ஏறினால், படியில் மயார். மடியில் அந்தப் பெட்டி. வில்லை வாய்க்குப் பக்கத்தில்.

“ஐயோ, கீழ போடுடி!”

பறித்த வேகத்தில் வில்லை சுவரில் பட்டு உடைந்தது. நல்லவேளை, பல் படவில்லை. குழந்தையின் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள் இன்சாஃப்.

“வேர்க்கடலை உனக்கு ஆகாதுன்னு தெரியாதா?”

“இதுல எங்க இருக்கு பெரியம்மா?” மயார் அழுதாள். “எள்ளு, சர்க்கரை, ஃபூல்னுதானே போட்டிருக்கு? ஃபூல்தான் நான் தினமும் திங்கிறேனே!”

மறுநாள் விடிந்ததும் இன்சாஃப் பட்டறையில் நின்றாள். நடந்ததைச் சொல்லி, கடைகளுக்குப் போன பெட்டிகளையெல்லாம் திருப்பி வாங்கியாக வேண்டும் என்றாள்.

“பண்டிகை அன்னிக்கா? ஒரே ஒரு சொல்லுக்காகவா?” என்று பாய்ந்தார் ஷவ்கி.

“எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பார்த்துட்டுத்தான், முதலாளி, அந்தப் பிள்ளை வாய்கிட்ட கொண்டுபோச்சு. அது சரியாத்தான் படிச்சுது. நாமதான் சரியா எழுதல.”