மூட்டைக்குப் போட்ட ஸ்பிரிங்

இன்று காரிமங்கலத்தில், மொபெட்டின் பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றக் கொடுத்திருந்தேன்.

மெக்கானிக் பெருமையாகச் சொன்னார்: “மூட்டை ஏத்துற ஸ்பிரிங்கா போட்டுட்டேங்க. பத்து வருசம் அசையாது.”

“என் பின்னால உக்கார்றது மூட்டை இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு. முதுகுவலிக்கு ஆஸ்பத்திரி கூட்டிப் போறேன். இது குலுக்குமே.”

“பொம்பளைங்க ஓட்டுனா குலுங்கத்தாங்க செய்யும்.”

முருகனை நினைத்துக்கொண்டு மெக்கானிக்கையே பின்னால் ஏற்றினேன். சந்தை வரைக்கும் போய்த் திரும்பினோம், மெதுவாகத்தான்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “மெத்துனு இருக்கறதே போடறேங்க. ஆனா சீக்கிரம் தேஞ்சிரும்.”

“தேஞ்சா மறுபடி வர்றேன். அவரு முதுகுக்கு ஸ்பேர் கிடைக்காதுங்க.”

நாளைக்கும் நான்தான் ஓட்டுகிறேன். பெண்டாட்டி பின்னால் புருஷன் உட்காரலாமா என்று கேட்பவர்களே, ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டுக் கேளுங்கள்.