நச்சுக்குப் பெயர் கேட்ட அண்ணி

"இது எத்தனை நாளைக்கு?" என்றுதான் அண்ணி முதலில் கேட்டாள்.

"ஏழு நாள், அண்ணி."

"சாப்பாடு?"

"கிடையாது. ஒரு நாளைக்கு ஆறு பாட்டில் ஜூஸ். அவ்வளவுதான்."

"பல்லுக்கு ஒரு வாரம் லீவுன்னு சொல்லு."

"கிண்டல் பண்ணாதீங்க. உடம்புல தங்கியிருக்கற நச்செல்லாம் வெளிய போயிடுமாம்."

"எந்த நச்சு? பேர் என்ன?"

"பேரா?"

"ஆமாம்மா. திருடனைப் பிடிக்கறேன்னு கிளம்பினா அங்க அடையாளம் வேணாமா? யூரியாவா, கிரியாட்டினினா, பொட்டாசியமா? எதை வெளிய தள்ளுது?"

அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயர் எதுவும் இல்லை. "பொதுவா நச்சுன்னு போட்டிருக்கு" என்றாள் கடைசியில்.

"பொதுவா!" அண்ணி ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "உனக்குக் கல்லீரல் ஒண்ணு, கிட்னி ரெண்டு. மூணும் லீவே எடுக்காம அந்த வேலையைத்தான் பாக்குதுங்க. அதுங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"ஏழு நாள்ல செத்தா போயிடுவேன்?"

"நீ சாக மாட்ட. நல்லா இருக்கற உடம்பு நம்ம கூத்தையெல்லாம் பொறுத்துக்கும். பசிச்சா சாப்பிடு, வெக்கப்படாத."

சொல்லிவிட்டு அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்யும் அறையில் அண்ணிக்கு வேலை. விடியும் முன்பே முதல் முறை தொடங்கிவிடும். எட்டு நாற்காலிகள். ஒவ்வொருவருக்கும் நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள், ஆயுள் முழுவதும்.

அண்ணி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதே அந்த வேலையோடுதான் வந்தாள். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கணுக்காலைப் பார்ப்பாள், வீக்கம் இருக்கிறதா என்று. பெண் பார்க்க வந்த அன்று அண்ணனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு அடக்கமான பொண்ணு!" என்று உறவுக்காரர்கள் மெச்சிக்கொண்டதைச் சொல்லி அண்ணன் இன்றும் சிரிப்பான்.

அந்த அறையில் வேலை பார்ப்பவர்கள் யாரும் நோயாளிகள் முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுத்தால் சாமான் அறைக்குப் பின்னால் போய்க் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சில குவளைதான் கணக்கு. அதற்கு மேல் குடித்தால் நீர் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் போய் நிற்கும். ஆகவே அவர்கள் தண்ணீரைக் கனவில் குடித்தார்கள். இயந்திரங்களின் முணுமுணுப்பில் கண் அயர்ந்து, விழித்ததும் கண்டதை அண்ணியிடம் சொல்வார்கள். அண்ணி அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிடும்போது ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள்.

பெயர் மட்டும் சொல்ல மாட்டாள். "அவங்க நோய் அவங்க சொத்து" என்பாள். மூன்றாம் நாற்காலிக்காரர் மழையில் வாயைத் திறந்துகொண்டு நிற்பார். ஏழாம் நாற்காலியம்மா கிணற்றுக்குள் ஊஞ்சல் ஆடுவாள். இதையெல்லாம் கேட்கும் நாத்தனாருக்கு மிகப் பிடித்தவர் ஐந்தாம் நாற்காலிக்காரர். அவர் ஒருமுறை ஆற்றை அப்படியே நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாராம். வழியெல்லாம் சட்டை நனைந்ததாம். அந்தக் கனவைக் கேட்ட நாளில் அவளுக்கு அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை.

அவளுடைய வேலை ஒரு மொழிக் கடிதங்களை இன்னொரு மொழியில் பெயர்ப்பது. அதிகம் பேசாதவள். அலுவலகத்தில் எல்லோரும் ஜூஸ் விரதம் இருக்கிறார்கள் என்று அவளும் இருந்தாள். மூன்றாம் நாள் தெரு மிதக்க ஆரம்பித்தது. வெயில் பழுத்த நிறத்தில் வழிந்தது. பேருந்தின் ஒலி தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. தான் சுத்தமாகிக்கொண்டிருப்பதாகவே நம்பினாள். அது வெறும் பசி என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அன்று மாலை, தெருக்கோடித் தையல்காரரிடம் கால்சட்டையைப் பிடிக்கக் கொடுத்தாள். மூன்றே நாளில் இடுப்பு தளர்ந்துவிட்டதில் அவளுக்குப் பெருமை. வற்றியது நீர்தான், சாப்பிட்டதும் திரும்பிவிடும் என்பது பிற்பாடு தெரிந்தது. தையல்காரர் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடும் மெலிந்த மனிதர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

"கையில என்னம்மா பச்சையா?"

"ஜூஸ், மாஸ்டர். கீரை, ஆரஞ்சு, இன்னும் என்னென்னமோ."

"எதுக்காம்?"

பாட்டிலில் இருந்தது வேற்று மொழி. அவள் அதைத் தமிழில் படித்தாள். சும்மா படித்திருக்கலாம். பழக்கதோஷம், அழகாகப் படித்தாள். "உங்கள் இரத்தத்தைத் தூய்மையாக்கி, உடலைப் பிறந்த நாளின் தெளிவுக்குத் திருப்பும்."

மாஸ்டரின் கத்தரிக்கோல் நின்றது. "இன்னொரு தரம் சொல்லும்மா."

சொன்னாள்.

"ரத்தத்தையா? நிச்சயமாவா?"

"அப்படித்தான் போட்டிருக்கு, மாஸ்டர்."

தினசரி ஆறு பாட்டிலில் அந்தப் பச்சைச் சாறு மட்டும் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. மூன்று நாளாகக் குடிக்காமல் சேர்த்து வைத்திருந்த ஐந்து பாட்டில்களையும் வீட்டுக்குப் போய் எடுத்து வந்து அவர் மேசைமேல் வைத்தாள். தனக்கு வேண்டாததைக் கொடுத்துவிட்டுத் தானம் செய்த நிறைவோடு திரும்பினாள்.

மறுநாள் சனிக்கிழமை. அண்ணி சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தாள். "அஞ்சாம் நாற்காலி இன்னிக்கு வரல. ஃபோன் பண்ணா, வெளியூர்ல இருக்கேன் சிஸ்டர்ங்கறார். பின்னாடி தையல் மிஷின் சத்தம் கேக்குது."

அவளுக்குத் தலை லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தையல் மிஷின் என்ற சொல் காதருகே வந்து, எங்கும் உட்காராமல் பறந்து போனது. ஞாயிறு காலை சமையலறையில் நின்றபடியே நான்கு ரொட்டியைத் தின்றாள். அண்ணி கதவோரம் சாய்ந்து பார்த்தாள். "மெதுவா தின்னு நாத்தனாரே. நச்சு எங்கயும் ஓடிப்போயிடாது."

செவ்வாய்க்கிழமை கால்சட்டையை வாங்கப் போனாள். கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், "விடியக்காலம் விழுந்துட்டார்மா. கால் ரெண்டும் மரமாட்டம் ஆயிடுச்சு. கிட்னி மிஷின்ல போடணும்னு தூக்கிட்டுப் போனாங்க. எங்களுக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்றார்.

நான்காக மடித்த ஆறு அப்போதுதான் அவள் கண்முன் அவிழ்ந்தது. துணி மடிக்கிறவர் அல்லாமல் வேறு யார் அப்படிக் கனவு காண்பார்கள்? எத்தனையோ வருடமாக அந்த மனிதரின் கனவுகளை அறிவாள், அளவெடுக்கும் விரல்களை அறிவாள். இரண்டும் ஒருவரே என்று மட்டும் அறியாமல் இருந்திருக்கிறாள்.

இரண்டாம் மாடி வரை ஓடினாள். கதவின் கண்ணாடி வழியே ஐந்தாம் நாற்காலி தெரிந்தது. முதல் முறையாக அவரை மடித்த கைச் சட்டையில் பார்த்தாள். முன்கையில் இரத்தக்குழாய் புடைத்து, அதில் இரண்டு குழாய்கள். தலைமாட்டுத் திரையில் இதயத் துடிப்பின் கோடு, ஏற வேண்டிய இடத்தில் தயங்கித் தயங்கி ஏறிக்கொண்டிருந்தது.

அண்ணி வெளியே வந்தாள். "நீ எங்க இங்க? சரி, தள்ளு. பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இதயம் நின்னுடும் போல இருக்கு. என்ன குடிச்சார்னு டாக்டர் கேக்கறார், மனுஷன் வாயே திறக்கல."

"நான்தான் அண்ணி."

"என்ன நீதான்?"

"அந்தப் பச்சை ஜூஸ். கீரை, ஆரஞ்சு, தக்காளி. அஞ்சு பாட்டில் நான் கொடுத்தேன். ரத்தம் சுத்தமாகும்னு படிச்சும் காட்டினேன். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு சும்மா இருக்கார்."

"அதுல பூரா பொட்டாசியம்தான். அவர் கிட்னியால அதை வெளிய தள்ள முடியாது" என்றாள் அண்ணி. திட்டவில்லை. டாக்டரிடம் சொல்ல உள்ளே போய்விட்டாள்.

நான்கு மணி நேரம் அவள் நடைபாதை பெஞ்சில் இருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் இயந்திரங்களின் முணுமுணுப்பு வந்து காலை நனைத்துவிட்டுத் திரும்பியது. கண்ணாடிக்கு அப்பால் அண்ணி நாற்காலிக்கு நாற்காலி மிதந்து போனாள். ஒவ்வொரு தடவையும் ஐந்தாவதில் நின்று, அவர் கையில் இரண்டு விரலை வைத்து, இரத்தக்குழாய்க்குள் ஓடும் அதிர்வைத் தொட்டறிந்துவிட்டு நகர்ந்தாள். திரையில் கோடு மெல்ல மெல்லச் சீராக ஏறி இறங்கத் தொடங்கியது. மதியத்துக்குமேல் மாஸ்டர் கண்ணைத் திறந்து எதையோ சொன்னார். அண்ணி குனிந்து கேட்டுச் சிரித்தாள். வெளியே பெஞ்சில் இருந்தவளுக்கு அழுகை வந்தது.

வேலை முடிந்து அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள்.

"பிழைச்சுட்டார்."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"அது கிடக்கட்டும். வியாழக்கிழமை வர மாட்டேங்கறார். ஜூஸ் சரியா வேலை செய்யறதுக்குள்ள நாங்க இழுத்துட்டு வந்துட்டோமாம். இன்னும் ரெண்டு பாட்டில் மிச்சம் இருக்காம். டாக்டர் சொல்லியாச்சு, நானும் சொல்லியாச்சு. எங்க பேச்செல்லாம் வெறும் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு அவருக்கு. நீ படிச்சுக் காட்டினியே, பிறந்த நாளோ தெளிவோ என்னமோ, அதை வரி மாறாம என்கிட்ட ஒப்பிச்சார்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி அவள் கையைப் பிடித்து, உள்ளே வைத்ததைப் போலவே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணு. இப்ப உள்ள வந்து, அதெல்லாம் பொய்னு நீயே அவர்கிட்ட சொல்லு. ஆனா அதே மாதிரி அழகா சொல்லணும்."