ஷீலா வயிற்றில் லோகுவின் கிருமி

மாமல்லபுரத்துக் கடலோரக் குப்பத்தில் இருக்கும் நீலமேகத்துக்கு லோகு பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். லோகு, நீலமேகத்தின் மனைவி ஷீலாவுக்கு முறைப்பையன். முதலில் அவனுக்குத்தான் அவளைப் பேசி வைத்திருந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் லோகு தெருவில் வந்தால் இவன் கதவைச் சாத்துவான். என்ன ஜென்மமோ!

குப்பத்தில் உடம்புக்கு வந்தால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. மருந்துக் கடையில் ‘செட் மாத்திரை’ என்றால் நாலைந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். விழுங்கிவிட்டுக் கடலுக்குப் போகலாம். ஷீலாவுக்குப் பல்வலி வந்தபோதும் நீலமேகம் அதையே வாங்கி வாங்கிக் கொடுத்தான். பிறகு பிடித்த வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. அவள் எலும்பும் தோலுமானாள்.

நாவலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெலன் விளக்கினார். “குடல்ல நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கும். கண்ட மாத்திரையும் போட்டு அதெல்லாம் செத்துடுச்சு. காலி எடத்துல கெட்ட கிருமி பூந்துடுச்சு. ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்துலேர்ந்து நல்ல கிருமிங்கள எடுத்து, குழாய் வழியா இவங்க குடல்ல விடணும்.”

“என்னுத எட்துக்கோங்க!” நீலமேகம் துள்ளி எழுந்தான்.

“கடைசியா எப்ப மாத்திரை போட்டீங்க?”

“போன வாரம். செட்டு.”

“அப்ப உங்களுது ஆகாது. சில மாசமாவது அத தொடாதவங்க வேணும்.”

குப்பத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்? மாத்திரையைக் கண்டாலே ஓடி ஒளியும் பயந்தாங்கொள்ளி லோகுதான். எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டான், பாவி!

நீலமேகத்துக்கு வயிறு எரிந்தது. “போயும் போயும் அவனுதா?” என்று கத்தினான்.

“அப்ப நா செத்துப் போவட்டா?” என்றாள் ஷீலா.

பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான்.

சில நாளில் போக்கு நின்றது. வீடு திரும்பியவள், “நண்டுக் கொழம்பு வையேன்” என்றாள்.

“நண்டுன்னா லோகுக்குத்தான உசுரு? அவன் கிருமி கேக்குது!”

“அட லூசு, பசிக்குதுய்யா!”

முணுமுணுத்துக்கொண்டே குழம்பு வைத்தான். அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்துச் சந்தோஷமும் பட்டான், பொருமவும் செய்தான்.

அந்த மழைக்காலத்தில் நீலமேகத்துக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. சேதி கேட்டு லோகுவே வந்துவிட்டான், விரல் நுனியில் மாத்திரைப் பொட்டலத்தோடு.

“செட்டு வாங்கியாந்தேன், அண்ணாத்த. போட்டுக்கோ.”

நீலமேகம் பொட்டலத்தைத் தட்டிவிட்டான். “டேய், என்னுது மறுபடியும் ஆவாம போவணும்னு பாக்குறியா? நா டாக்டராண்ட போறேன். அவளுக்குத் திரும்ப வந்துச்சுன்னா, என்னுதுதான்டா!”