இன்ன ரகமென்று தெரியாத சேவல்

கல்லல் சந்தையில் சாயக் கோழிக்குஞ்சு விற்றவர், நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்த ஒன்றை அப்பாவிடம் சும்மாவே கொடுத்துவிட்டார். ரோஸ் நிறத்தில் வீட்டுக்கு வந்தது, சாயம் போனதும் இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் ஆனது. கழுத்தில் முடியே இல்லை. ஒரு கால் உள்பக்கமாக வளைந்திருந்தது.

எதையும் இன்னதென்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது. அப்பா படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். மதுரைச் சித்தி வான்கோழி என்றாள். சிங்கப்பூரிலிருந்த சித்தப்பா, கழுகாக இருந்தாலும் இருக்கும், மற்ற கோழிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அம்மாவோ அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, ஊறவைத்த நொய்யை விரல் நுனியால் ஊட்டினாள். வளைந்த காலைத் துணியால் கட்டினாள்.

"மொதல்ல பொழைக்கட்டும்" என்றாள்.

பிழைத்தது. அம்மா போகுமிடமெல்லாம் நொண்டிக்கொண்டே திரிந்தது. அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று கத்தும்.

சில மாதம் கழித்துத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது கால்நடை டாக்டர் தூக்கிப் பார்த்து, "நல்ல நாட்டுச் சேவல்தான், கழுத்துல முடி இல்லாத ரகம்" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அம்மாவும் தலையாட்டினாள்.

அந்த வாரமே சாக்கோட்டை அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, விருந்துக்கு வந்தார். கண் நேரே சேவலிடம் போனது.

"என்ன தங்கச்சி, இன்னைக்கு இவனத்தான் அடிக்கிறியா?"

நான் ஓடிப்போய்ச் சேவலுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"ஐயய்யோ, அது கருப்பருக்கு நேந்துவிட்டதுண்ணே! உக்காருங்க, வேற கோழி அடிக்கிறேன்" என்றாள் அம்மா.

எப்போது நேர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியாது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மாமா வாயில் எதுவும் நிற்காது. கருப்பர் கோவில் படையல் நெருங்கியதும் பெரியப்பா கயிற்றோடு வந்துவிட்டார்.

"கருப்பருக்குச் சேவல் நேந்திருக்கீகளாமே, எங்குட்டு நிக்கிது?"

அம்மா பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அதையா கொண்டுபோகப் போறீக? என்ன ரகம்னே தெரியலையே. சாமி காரியத்துல குத்தம் வந்துரக் கூடாதுல்ல."

பெரியப்பா அந்த மொட்டைக் கழுத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

எனக்குத்தான் தெரியுமே! விடை தெரிந்த பிறகு சும்மா இருக்க என்னால் ஆகாது. டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் சுடச்சுட ஒரு பணியாரம் வந்து விழுந்தது. அதை இங்கும் அங்கும் உருட்டி விழுங்குவதற்குள் பெரியப்பா வேறொரு சேவலைப் பிடித்துக் கட்டியிருந்தார்.

"ரெண்டாக் கொண்டுபோங்க" என்று அம்மாவே இன்னொன்றையும் பிடித்துக் கொடுத்தாள். பிறகு கோவில் இருக்கும் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நொண்டிச் சேவல் அவள் சேலையை ஒட்டி நின்றிருந்தது.

அம்மாவுக்கு இவ்வளவு ஞாபகமறதியா என்று அன்று முழுக்க எனக்குக் கவலையாக இருந்தது. அதைவிடப் புரியாதது இன்னொன்று. வந்தவர்கள் சாப்பிடும்வரை ஒரு பணியாரத்தைத் தொடவிடாதவள், அன்று பெரியப்பா நிற்கும்போதே முதல் பணியாரத்தை எனக்குக் கொடுத்திருந்தாள்.